தேக்கடியில் ஒரு சோம்பற் பகல்

விடுமுறை என்று சொல்லிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் ஒரு கணக்கை நேர் செய்துவிட்டு வரவே போகிறார்கள் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். யானை எத்தனை, காட்டெருமை எத்தனை, புலி தரிசனம் கொடுத்ததா இல்லையா என்று விரல் மடக்கி எண்ணுவதும், புலி வராது போனால் வனத்துறையையும் சகபிரயாணிகளின் வாயையும் தங்கள் ஜாதகத்தையும் வரிசையாக நொந்துகொள்வதுமாகவே அவர்களுடைய விடுமுறை கழிந்துவிடுகிறது. இத்தகைய மனோபாவம் உள்ளவர்களுக்கு நான் தேக்கடியைச் சிபாரிசு செய்வதில்லை. பெரியாறு புலிகள் காப்பகம் என்னும் பெயரை நம்பிப் புறப்படுகிறவர், 925 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள அந்த வனத்தில் தம் கண்ணுக்கு எட்டப்போவது ஓர் ஏரியும் அதன் கரையோரத்துப் புல்வெளியும் அதற்கு அப்பால் ஒரு கல்லெறி தூரத்துக் காடுமே என்பதை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் உணர்கிறார். ஆனால் ஏரிக்காகவே போகிறவர், அதிலும் ஒரு முழுப் பகலை உருப்படியாக எந்தக் காரியமும் செய்யாமல் கழித்துவிட வேண்டும் என்ற உயரிய லட்சியத்தோடு போகிறவர், ஏமாற்றத்துடன் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதே கிடையாது.

நாங்கள் போனது மாசி மாதத்தில். நாங்கள் என்றால் நானும், என் மனைவியும், வங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அண்ணாவும். மேலே சொன்ன கணக்குக்காரர்களின் ஜாதியைச் சேர்ந்தவர் என் மைத்துனர் என்பதையும், அவர் பெட்டியில் தூரதர்சினிக் கண்ணாடி ஒன்றும் குறிப்பேடு ஒன்றும் இருந்தன என்பதையும் இங்கேயே சொல்லிவைப்பது நல்லது.

கம்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, கூடலூரைக் கடந்து, லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறும் பாதையில் போகிற எவரும், அந்த நேரத்தில் தம்மோடு ஜீப்புகள் சாரிசாரியாக ஏறுவதைக் காணாமல் இருக்க முடியாது. அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள், தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் கூலி வேலைக்குப் போய்வருகிறவர்கள். தூக்குச்சட்டி மடியில், தலையில் முக்காடு, பாதிப் பேர் கண்களில் தூக்கம். ஒரே பாதையில், ஒரே வேகத்தில், அவர்கள் வேலைக்கும் நாங்கள் சோம்பலுக்குமாக ஏறிக்கொண்டிருந்தோம். குமுளியைப் பற்றி விஸ்தாரமாக எழுத ஒன்றுமில்லை. இரண்டு மாநிலங்களின் சோதனைச் சாவடிகளும், இரண்டு பாஷைகளில் பேரம் பேசத் தெரிந்த கடைகளும், எங்கே நின்றாலும் மூக்கை விட்டு நீங்காத ஏலக்காய் வாசனையும் உள்ள ஊர் அது. அங்கிருந்து ஏரிக்கரை நாலு கிலோமீட்டர்.

ஏரியைச் சுற்றிப் பார்க்க இரண்டு மார்க்கங்கள் உண்டு. ஒன்று, எல்லோரும் அறிந்த விசைப்படகு. ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விட்டுவிடும். அதிலே ஆசனம் கிடைப்பதற்கு நடக்கும் பிரயத்தனங்களையும், கரையில் ஒரு பன்றி தலை தூக்கினாலும் படகு முழுவதும் எழும் ஆரவாரத்தையும் ஒருமுறை அனுபவித்தவர்கள், மனிதர்களைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமே என்று நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பார்க்கும் ஆசை வெறும் வேடிக்கை விஷயம் மட்டுமன்று. 2009-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை, ‘ஜலகன்னிகா’ என்னும் இரண்டடுக்குப் படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். மேல்தட்டிலிருந்தவர்கள் கரையில் மிருகங்களைக் கண்ட ஆவலில் ஒரே பக்கமாகச் சாய்ந்ததும் அப்போது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதன் பின்னர், மிதவைச் சட்டை அணியாத எவரையும் படகில் ஏற்றுவதில்லை.

மற்றொரு மார்க்கம் மூங்கில் தெப்பம். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் இந்த யாத்திரையில், பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பாதி தூரம் காட்டில் நடை, பாதி தூரம் தண்ணீரில் மிதப்பு. வழிகாட்டிகள் சிலரும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் கூடவே வருகிறார்கள். வழிகாட்டிகள் எல்லோரும் காட்டையே அண்டிப் பிழைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மன்னான், பளியர் என்னும் பழங்குடிகள் ஒருபுறமிருக்க, ஒரு காலத்தில் இதே காட்டுக்குள் இரவில் புகுந்து வயண மரத்தின் பட்டையை உரித்துக் கள்ளத்தனமாக விற்றுவந்தவர்களையும், 1990-களின் பிற்பகுதியில் வழக்குகளிலிருந்து விடுவித்து, காவலுக்கும் வழிகாட்டலுக்குமாக வனத்துறை அமர்த்திக்கொண்டது. திருடனைப் பிடித்துக் காவற்காரனாக்கும் யோசனை கதைகளில்தான் பலிக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, பெரியாற்றில் அது நடைமுறையிலேயே பலித்திருப்பது மிகுந்த திருப்தியை அளித்தது.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி மன்னான் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர். பாண்டியரோடு மதுரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அம்மக்களிடையே வழிவழியாக வரும் கதை. அதனாலோ என்னவோ, அவருடைய தமிழில் எங்கள் காதுக்கு அந்நியமாக ஒன்றும் படவில்லை. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால்வரை வரும் துணியுறைகளை எங்கள் கால்களில் தாமே குனிந்து கட்டிவிட வந்தார். “வேண்டாம் அண்ணே, நாங்களே கட்டிக்கிறோம்” என்றேன். “நீங்க கட்டினா நிக்காது சார், அரை மணியிலே அவுந்துரும்” என்று சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினார்.

நடை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஓடைக்கரைப் புதரிலிருந்து சீகாரப் பூங்குயில், தெருவிலே திரியும் சிறுவன் ஒருவன் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதைப் போல, பாதிப் பாட்டில் மறந்தும் பிறகு நினைவுகூர்ந்தும் பாடிக்கொண்டிருந்தது. கருமந்திகளின் கூப்பாடு பள்ளத்தாக்கின் அக்கரையிலிருந்து எழும்பியது. மலை அணில் ஒன்று, தன் உடம்பைக் காட்டிலும் நீண்ட வாலைக் கிளையின் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, எங்களைக் கொஞ்சமும் லட்சியம் செய்யாமல் ஏதோ ஒரு காயைக் குடைந்துகொண்டிருந்தது. மைத்துனர் குறிப்பேட்டை எடுத்தார். பிறகு மரங்கள் விலகின; ஏரி தெரிந்தது.

பெரியாறு ஏரியை முதன்முதலாகக் காண்கிறவர் கண்ணில் முந்திப் படுவது தண்ணீர் அன்று. தண்ணீருக்குள்ளிருந்து கரியும் சாம்பலும் கலந்த நிறத்தில் நிமிர்ந்து நிற்கிற பட்டமரங்கள். இலையில்லை, கிளைகளும் அநேகமாக இல்லை. உள்வயிரம் மட்டும் மிஞ்சிய அடிமரங்கள், ஏரியின் கைகள் ஒவ்வொன்றிலும் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. பல மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சிலவற்றில் கூடுகள் இருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு போயிற்று. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இந்த மரங்களைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் 1895-இல் மூழ்கியவை என்பதையும், அதற்கு முன்னே இங்கே ஏரி என்பதே இருந்ததில்லை என்பதையும், நம்மைப் பரவசப்படுத்தும் இந்த இயற்கைக் காட்சி முழுவதும் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் நீர் தேடிய மனிதர்களின் கைவேலை என்பதையும் எண்ணிப் பார்க்கிறவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

தெப்பத்தில் ஏறி உட்கார்ந்தவனுக்கு நினைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாதாகையால், அந்தச் சரித்திரத்தை நான் சாவகாசமாக நினைத்துப் பார்த்தேன். மேற்கே பாய்ந்து அரபிக்கடலில் வீணாய்ச் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையோடு சேர்க்கலாம் என்ற யோசனை, சேதுபதி மன்னரின் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை காலத்திலேயே, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. 1808-இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் வந்து பார்த்து, ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். (ஒப்பிலக்கணம் எழுதிய பாதிரியார் வேறு; அவர் அப்போது பிறக்கவே இல்லை.) பின்னர் 1876 முதல் 1878 வரை தாது வருஷத்தில் தொடங்கி வாட்டிய பெரும் பஞ்சம் வந்தது, ஆகாத காரியம் அவசியமான காரியமாயிற்று. கர்னல் பென்னிகுயிக் தயாரித்த திட்டத்தை ஏற்று, திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886-ஆம் வருஷம் அக்டோபர் 29-ஆம் தேதி சென்னை அரசாங்கம் உடன்படிக்கை செய்துகொண்டது: 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், தவணை 999 வருஷம். ஆயிரம் வருஷத்துக்கு ஒன்று குறைத்து எழுதிய அந்தக் குமாஸ்தாவின் எச்சரிக்கையை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

1887-இல் ஆரம்பித்த வேலை எட்டு வருஷம் நடந்தது. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போயிற்று. மலைக்காய்ச்சலிலும் இதர வியாதிகளிலும் பலநூறு தொழிலாளர்கள் மாண்டு, அணைக்கருகிலேயே அடக்கமானார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையினால் 1,200 அடி நீளமும் 176 அடி உயரமுமாக எழும்பிய அணை ஒருபுறம்; அங்கிருந்து வெகுதூரம் விலகி, இந்தத் தேக்கடிக்கருகே மலையின் வயிற்றைத் துளைத்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்துக்குக் குடைந்த சுரங்கம் மறுபுறம். 1895-ஆம் வருஷம் அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைக்க, மேற்கே பிறந்த நீர் கிழக்கே ஓடத் தொடங்கியது. இன்றும் பாலார்பட்டி முதலான ஊர்களில் பென்னிகுயிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15-ஆம் தேதி பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறவர்களும் உண்டு. அணையைக் குறித்து இரண்டு மாநிலங்களுக்கிடையே நடந்துவருகிற வியாஜ்யத்தைப் பற்றி, ஓய்வெடுக்கப் போன இடத்தில் நினைக்கக் கூடாதென்று என் மனைவி தடைவிதித்திருந்தாள். இங்கேயும் அந்தத் தடையை மதிக்கிறேன்.

எனினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. நீருக்காகக் கட்டிய ஏரி காட்டையும் காத்துவிட்டது. சுற்றியுள்ள மலைகளெல்லாம் தேயிலைக்கும் ஏலத்துக்குமாக மாறிக்கொண்டிருந்த காலத்தில், ஏரியின் நீர்ப்பிடிப்புக் காடுகளைத் திருவிதாங்கூர் ஒதுக்கிவைத்தது. 1934-இல் அங்கே வேட்டையைத் தடுத்து வனவிலங்குச் சரணாலயம் ஏற்படுத்தியது. அரசர் கோடைக்கு வந்து தங்கிய ஏரிக்கரை மாளிகை இப்போது விடுதியாக இருக்கிறது. 1978-இல் புலிகள் காப்பகம். 1982-இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா. நெல்லுக்காக மூழ்கடித்த ஒரு பள்ளத்தாக்கின் புண்ணியத்தில் புலி பிழைத்திருக்கிறது.

துடுப்பு என்று பெயரிட்டு ஆளுக்கொரு மூங்கிற் கழியைக் கொடுத்திருந்தார்கள். காலை நேரத்து ஏரியில் காற்றில்லை. நாங்கள் துழாவினாலும் துழாவாவிட்டாலும் தெப்பம் ஒரே வேகத்தில்தான் போயிற்று. அதை நான் சீக்கிரமே கண்டுகொண்டு கழியைக் கீழே வைத்துவிட்டேன். மைத்துனர் கடைசிவரை வைக்கவில்லை. பேச்சும் தானாகக் குறைந்தது. மூங்கில்களின் இடுக்கில் நீர் ஏறி இறங்கும் சிறு சப்தம் ஒன்றே காதில் விழுந்துகொண்டிருந்தது. மீன் பாய்ந்தபோது எல்லோரும் திரும்பினோம். பிறகு அதற்கும் திரும்புவதை விட்டுவிட்டோம்.

நண்பகலில் கரையேறி ஒரு மருத மரத்தடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். என் மனைவி கட்டிக்கொண்டுவந்த புளியோதரையையும் வழிகாட்டிப் பெரியவர் கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கையும் மீன் குழம்பையும் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டதில், பரிமாற்ற லாபம் எங்கள் பக்கமே என்று சொல்ல வேண்டும். மீனைப் பற்றிப் பேச்சு எழுந்தவுடன் பெரியவர் முகத்தில், அதுவரை யானையைப் பற்றியோ புலியைப் பற்றியோ கேட்டபோது காணாத ஓர் உற்சாகம் தோன்றிற்று. அவர் குலத்தார் இந்த ஏரியில் வலை போட அனுமதி பெற்றவர்கள்.

“முன்னே எங்கப்பா காலத்துலே கட்டி மீனு இத்தாம்பெரிசு விழும் சார்” என்று முழங்கையைத் தொட்டுக் காட்டினார். “இப்ப வலையைத் தூக்கினா சிலேபிதான். கெண்டையும், அந்த ஆப்பிரிக்காக் கெளுத்தியும். வெளியூர்லேர்ந்து வந்ததுக நல்லாப் பெருகிப்போச்சு.”

அவர் சொன்னது மிகையன்று. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் பெரியாற்றின் இந்தத் தலைப்பகுதியில் மட்டும் வாழ்கிற மீன் ஒன்று உண்டு. 1941-இல்தான் விஞ்ஞானிகள் அதை இனங்கண்டு பெயரிட்டார்கள். அப்படிப்பட்ட சுதேசிகள் ஓடைகளின் மேற்பகுதிக்கு ஒதுங்கிப்போக, ஏரியை அந்நியர்கள் ஆள்கிறார்கள். கரையில் புலியைக் காப்பதற்கு இத்தனை ஏற்பாடுகள் செய்திருக்கிற நாம், தண்ணீருக்குள்ளே என்ன நடக்கிறதென்று கவனிப்பதில் அதே சிரத்தையைக் காட்டுகிறோமா என்பது எனக்குச் சந்தேகமே.

“தண்ணி ரொம்பக் கீழே போயிட்டதா?” என்று கேட்டேன். எங்கள் காலடியிலிருந்து நீர்விளிம்பு வரை, வற்றி வெளிப்பட்ட சேற்றுக்கரையில் இளம்புல் படர்ந்திருந்தது.

“நூத்திப் பதினேழுலே நிக்குது சார். நூத்தி நாலுக்குக் கீழே போனா அந்தப் பக்கம் தண்ணி போகாது.”

மலைக்குள் ஓடுகிற சுரங்கத்தின் வாய் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேலே நிற்கிற நீர் மட்டுமே தமிழ்நாட்டுக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபடி 142 அடி வரை தேக்கலாம். ஆக, நாங்கள் மிதந்து விளையாடிய இந்த விசாலமான நீர்ப்பரப்பு முழுவதும் கிழக்கே ஒரு வாசலை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகர்ந்துகொண்டேயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரையில் இரண்டு வரிசையாகக் கால் நீட்டிப் படுத்துக்கிடந்த எங்கள் கூட்டத்தில் ஓய்வாக இல்லாதது ஏரி ஒன்றுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கினேன். எவ்வளவு நேரம் என்பது தெரியாது. எழுப்பியது மைத்துனரின் கை. “மாப்ளே, அங்கே பாருங்க” என்றார் மெதுவாக. எதிர்க்கரையில் பசும்புல்லில் யானைகள். பெண் யானைகளும், அவற்றின் கால்களுக்கிடையே ஒரு குட்டியும். கோடை நெருங்க நெருங்க நீர் பின்வாங்கி, அது விட்டுப்போன கரையில் புல் முளைக்க, அதை மேய யானைகள் இறங்கிவருவது இங்கே வருஷந்தோறும் நடக்கிற காரியம். துதிக்கையால் புல்லைச் சுருட்டிப் பிடுங்கி, வேர் மண்ணை முன்னங்காலில் தட்டி உதறிய பின்பே வாயிலிட்டுக்கொண்டன. ஒவ்வொரு பிடிக்கும் இந்த ஆசாரம் தவறவில்லை. குட்டிக்கு அது இன்னும் கைவரவில்லை. பிடுங்கிய புல்லைத் தலைமேல் போட்டுக்கொண்டு நின்றது.

“எத்தனை மச்சான்?” என்று கேட்டேன்.

அவர் தூரதர்சினியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. “எண்ணலை” என்றார்.

பிற்பகலில் காற்று எழும்பி ஏரி அலையடிக்கத் தொடங்கியது. திரும்பும் வழியெல்லாம் காற்றுக்கு எதிரே துழாவ வேண்டியிருந்தமையால், காலையில் நான் கீழே வைத்த கழியை இப்போது வைக்க விடமாட்டேனென்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஒரு திருப்பத்தில் நீர்நாய்கள் ஐந்தாறு, தலையை உயர்த்தி எங்களைப் பார்த்துச் சீறிச் செருமிவிட்டு, தங்கள் மீன்வேட்டையைத் தொடர்ந்தன. புலி வரவில்லை. மைத்துனர் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

இருட்டும் சமயத்தில் மலையிலிருந்து இறங்கினோம். பாதையின் ஓரத்தில், சுரங்கத்தைத் தாண்டி வந்த நீரை மின் நிலையத்துக்கு இறக்கும் பெருங்குழாய்கள் நான்கும் சரிவில் பளபளத்தன. வேலைக்காரப் பெண்களின் ஜீப்புகளும் எங்களோடு இறங்கிக்கொண்டிருந்தன. லோயர் கேம்ப்பில், பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எங்கள் காலுறைகளில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்த கடைக்காரர், “மேலேர்ந்தா வர்றீக?” என்றார். ஆமென்றோம். யானை பார்த்தீர்களா, புலி பார்த்தீர்களா என்று கேட்பாரென்று மைத்துனர் குறிப்பேட்டின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“தண்ணி எம்புட்டு நிக்குது?”

“நூற்றுப் பதினேழு” என்றேன்.

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டுச் சற்று யோசித்தார். பெரியாற்று நீரை நம்பி இருபோகம் விளைகிற கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் அவருடையதும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். “அப்ப ரெண்டாம் போகத்துக்குப் பழுதில்லே. கதிர் வாங்குற சமயம்; இன்னும் நாலு தண்ணி விட்டான்னா தேறிரும்” என்று சொல்லி, “டீக்குச் சீனி போடலாமில்லே?” என்று கேட்டார்.